பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினீர்களா? சற்றுப் பொறுங்கள்!

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை நேரம். வீட்டு வாசலில் கரகரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால், என் அக்காள் மகன் கூரையில்லாத சிவப்புக் கார் ஒன்றில் உட்கார்ந்து கையசைக்கிறான். 1972இல் செய்த எம்.ஜி.பி. கார்; ஈப்போவில் ஒருவரிடம் வாங்கினானாம். அவனைவிட இருபது வயது மூத்தது!

"ஏறுங்க மாமா! நாளைக்குக் காலையில கேமரன் மலைக்குப் போய் டீ குடிச்சிட்டு வந்திடலாம்" என்றான்.

"இரண்டே இருக்கை. உன் அத்தைக்கு யார் பதில் சொல்வது? அது கிடக்கட்டும், எஞ்சின் தண்ணீரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?"

"வித்தவர் எல்லாம் செஞ்சிட்டேன்னு சொன்னாரு மாமா."

"ரசீது இருக்கிறதா?"

பையன் சிரித்து மழுப்பினான்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளைக்கு இப்படி ஒன்றை ஓட்டிக்கொண்டு வரலாம். ரசீது இல்லாத பராமரிப்பை, நடக்காத பராமரிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய காரை வாங்கி, மறுநாளே குடும்பத்தோடு தாப்பா மலைச்சாலையில் ஏறினேன். பாதி வழியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. அடுத்த வளைவு வரைக்கும்தானே என்று நானும் ஓட்டினேன். எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துபோய், இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்க்காமல் ஏறியவன் நான்.

எம்.ஜி.பி. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட கார். ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1798 சி.சி., நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு எஞ்சின். உள்ளே ஓடுவது சங்கிலி. திடீரென்று அறுந்து வால்வுகளை வளைக்கும் ரப்பர் வார் இதில் இல்லை. முரட்டு எஞ்சின்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் நின்ற கார், தினமும் ஓடிய காரைவிட ஆபத்தானது. நிற்கும்போது இரும்பு துருப்பிடிக்கிறது, ரப்பர் காய்கிறது.

ஆகவே முதலில் ரப்பரைப் பார்த்தோம். இந்தக் காரில் பெட்ரோல் கலக்கும் இரண்டு கார்புரேட்டர்களும் எஞ்சினின் இடப்பக்கம் இருக்கின்றன. அவற்றின் கீழேயே நெருப்பாய்ச் சுடும் புகைக்குழாய். சாவியைத் திருப்பினால் பின்னாலிருக்கும் மின்சாரப் பம்பு டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்க வேண்டும். இவன் காரில் எஞ்சினைக் கிளப்பாமலே நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்றது. விளக்கடித்துப் பார்த்தால் பெட்ரோல் குழாயில் ஒரு வெடிப்பு. ஈரம் கசிந்து நின்றது. ஈப்போவிலிருந்து இதோடுதான் வந்திருக்கிறான்! அவன் முகம் வெளுத்துவிட்டது. நானும் பிறகு எதுவும் சொல்லவில்லை. பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும், பிடிப்பு வளையங்களையும் அன்றே மாற்றினோம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். ரேடியேட்டரை மட்டும் திறந்துவிட்டால் போதாது. எஞ்சினின் பின்புறத்தில் ஒரு சிறு வடிகுழாய் உண்டு. சகதி அங்கேதான் தங்கும். நாங்கள் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு செம்மண் வெள்ளம் போல் கொட்டியது. தெளிந்த நீர் வரும்வரை கழுவி, துருத் தடுப்புக் கூலண்ட் பாதி, வடிநீர் பாதி என்று ஊற்றினோம். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

தெர்மோஸ்டாட் இருந்த இடம் காலி. 'சூடான நாட்டுக்கு இது எதற்கு' என்று கழற்றி எறிவது நம்மூர்ப் பட்டறைகள் பலவற்றில் வழக்கம். இது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேற நெடுநேரம் ஆகும். அதுவரை எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கும், சிலிண்டர் தேயும். 82 டிகிரி செல்சியஸில் திறக்கும் புதிய ஒன்றை வாங்கி, சட்டியில் வெந்நீரில் போட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே பொருத்தினோம்.

கறுப்பெண்ணெய் சூடாக இருக்கும்போது வடியுங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பித்தளைப் பொடி மின்னினால் பேரிங் தேய்கிறது. இரண்டும் இல்லையென்றால் பிழைத்தீர்கள். 20-50 எண்ணெய் இதற்குப் பொருத்தம். மிக மெல்லிய புதுவகை எண்ணெய் வேண்டாம். வடிகட்டியையும் மாற்றி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றிவிட்டுப் பிறகே கிளப்புங்கள்.

வால்வு இடைவெளி பார்ப்பதில் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் ஒரு கணக்கு உண்டு. எட்டு வால்வுகளுக்கும் முன்னிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். 8 முழுதும் அமுங்கி நிற்கும்போது 1ஐச் சரிசெய்ய வேண்டும். 6 அமுங்கினால் 3. 4 அமுங்கினால் 5. எப்போதும் கூட்டுத்தொகை 9! இவன் காருக்கு ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் 15 பங்கு இடைவெளி வேண்டும். புகை வெளியேற்றும் வால்வு ஒன்றில் அது பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் உண்டு. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. ஈயமில்லாத பெட்ரோலில் வால்வு உட்காரும் இடம் மெல்லத் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்குகிறது. இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுதும் மூடாமல் கருகிவிடும். சரிசெய்துவிட்டு, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மீண்டும் மீண்டும் குறைந்தால் கெட்டியான வளையம் பதிக்க வேண்டியதுதான்.

பிளக், பாயிண்ட், காற்றாடி வார் எல்லாம் மலிவானவை; யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர்களின் தலையில் இருக்கும் மூடியைத் திருகி, உள்ளே மெல்லிய எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்காதீர்கள். பலர் மறப்பது இதைத்தான்.

மூன்று மாலைகள், ஏறக்குறைய அறுநூறு வெள்ளி. பிறகு ஒரு வாரம் பக்கத்துச் சாலைகளில் மட்டும் ஓட்டினான். தினமும் காலையில் காரின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்துக் கசிவு பார்த்தான்.

இரண்டாம் வாரம் மலைக்குப் போனோம். சிவப்புக் காரில் என் இடத்தில் அவன் அத்தை உட்கார்ந்துகொண்டாள். நான் தண்ணீர் டின்னோடு என் காரில் பின்னால் போனேன். லாத்தா இஸ்கண்டார் அருவியருகே நிறுத்தியபோது பையன் ஆர்வத்தோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான்.

"கையை எடுடா! ஆறட்டும்!" என்று நான் கத்திய கத்தலில், பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள்கூடக் கையை எடுத்துக்கொண்டார்.