வேனுக்குள் வரும் காற்றும் நாம் மறந்துபோன பில்டரும்



இன்றைக்கு நமது தோட்டங்களில் வேன் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கலியாணம், திருவிழா, சாவு என்று எதற்குப் போனாலும் வேன்தான். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவைப் பக்கமிருந்து கண்டி டவுனுக்கு ஓடுகிற வேன்களில் பல, நம்ம வீட்டுப் பொடியன்கள் லீசிங் போட்டு எடுத்தவை. டயர் பார்க்கிறார்கள், பிரேக் பார்க்கிறார்கள், ஒயில் மாற்றுகிறார்கள். ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கிற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மூச்சு விடுகிற காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

இது எந்தப் பில்டர்?

"ஐயா, போன மாசந்தான் கராஜுல எயார் பில்டர் மாத்துனேன்" என்று டிரைவர் தம்பிமார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிக்கும் பில்டர். நாம் பேசுவது வேறு. இது ஆட்களுக்கான பில்டர். ஏசி பில்டர், கெபின் பில்டர் என்று கடையில் சொல்வார்கள்.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்தில், சல்லடை மாதிரி ஒரு வாய் இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியாக நுழைகிறது. உள்ளே உள்ள காற்றாடி அதை இழுத்து, ஏசி சுருளைத் தாண்டி, நம் முகத்துக்கு நேரே விடுகிறது. இந்தப் பாதையின் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு தட்டு சொருகியிருக்கும். ஸ்டோரில் தூளைச் சலிக்கும்போது தண்டும் நாரும் சல்லடையில் நின்றுவிடும் அல்லவா? அதே வேலையைத்தான் இந்தத் தட்டும் காற்றுக்குச் செய்கிறது. தூசி, இலைத்துண்டு, பூந்தாது, பூச்சி, புகைக்கரியில் ஒரு பகுதி ஆகியவை அதிலேயே நின்றுவிடும்.

பழைய வேன்கள் பலவற்றில் இந்தப் பில்டரே கிடையாது. பில்டர் வைக்க இடம் இருந்தும், முன்பு வைத்திருந்தவர் கழற்றி எறிந்துவிட்ட வாகனங்களும் உண்டு. 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டுதான் மறுபடி திறந்தார்கள். ஆகவே நம் ரோட்டில் ஓடுகிறவற்றில் கைமாறிக் கைமாறி வந்த பழைய வாகனங்களே அதிகம். வாங்கும்போது இதையும் திறந்து பார்க்க வேண்டும்.

கண்டிக் காற்றில் என்ன இருக்கிறது?

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கிறது. காற்று வீசாத நேரத்தில் பஸ், லொறி, த்ரீவீல் விடுகிற புகை மேலே போகாமல் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே தங்கிவிடும். பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பல வருடங்களாக இதைச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். காலையில் பள்ளிக்கூட நேரத்தில் பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டைப் பாதையிலும் வாகனங்கள் நகராமல் நிற்கும்போது, முன்னால் நிற்கிற பஸ்ஸின் புகை நேரே நம் வேனுக்குள்தான் வருகிறது.

புகையில் உள்ள மிக நுண்ணிய துகள் 2.5 மைக்ரோமீற்றரை விடச் சிறியது. ஒரு தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. அது மூக்கில் நிற்காமல் நேரே நுரையீரலின் அடிவரைக்கும் போய்விடும். இந்தத் துகள் காற்றில் ஒரு கன மீற்றருக்கு வருடச் சராசரியாக 25 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2008 ஆம் ஆண்டு இலங்கை வர்த்தமானியில் விதித்தார்கள். 2021 இல் உலக சுகாதார நிறுவனம் அதை 5 ஆகக் குறைக்கச் சொன்னது. இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கும், வயதானவர்களுக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும் இந்தப் புகை மற்றவர்களை விட அதிகம் தீங்கு செய்யும்.

டவுனில் புகை என்றால் தோட்டத்து ரோட்டில் புழுதி. வெயில் காலத்தில் முன்னால் ஒரு கொழுந்து லொறி போனால் போதும், பின்னால் வருகிற வேனின் பில்டர் செங்கல் நிறமாகிவிடும்.

அடைத்துப்போனால் என்ன ஆகும்?

காற்றாடியை முழு வேகத்தில் வைத்தாலும் காற்று மெதுவாக வரும். சத்தம் மட்டும் கூடும். ஏசி குளிராது. ஈரத்துணி நாற்றம் அடிக்கும்.

இவற்றை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மலைப்பாதையில் மழையும் மூடுபனியும் வரும்போது பிள்ளைகள் நிறைந்த வேனின் கண்ணாடியில் உட்பக்கமாக ஆவி படியும். அதைப் போக்குவது கண்ணாடி மேல் அடிக்கிற காற்றுத்தான். பில்டர் அடைத்திருந்தால் அந்தக் காற்று வராது. டிரைவர் ஒரு கையால் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வளைவில் திருப்புவார். கீழே பள்ளம். பில்டரைப் பார்க்கச் சொல்வது மூச்சுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான்.

கழற்றிப் பார்ப்பது எப்படி?

பல ஜப்பான் வாகனங்களில் இது இடது பக்கத்து சீட்டுக்கு முன்னால், சாமான் வைக்கிற டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் வேறு இடம். வாகனத்தோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், அல்லது தெரிந்த பாஸிடம் கேளுங்கள்.

1. எஞ்சினையும் காற்றாடியையும் நிறுத்துங்கள். பெட்டியில் உள்ள சாமான்களை எடுத்துவிடுங்கள்.

2. பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உட்பக்கமாக மெதுவாக அழுத்தினால் அது கீழே இறங்கும். பக்கத்தில் சிறு தண்டு மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். பலவந்தமாக இழுத்தால் பிளாஸ்டிக் கொக்கி உடையும்.

3. பின்னால் நீளமான ஒரு மூடி தெரியும். அதைத் திறந்து தட்டை நேராக இழுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது, அம்புக்குறி எந்தத் திசையைக் காட்டியது என்று பார்த்து வையுங்கள். திரும்பப் போடும்போதும் அதே மாதிரி போட வேண்டும்.

4. தட்டு வைத்திருந்த இடத்தில் இலை, குப்பை இருந்தால் ஈரத்துணியால் எடுங்கள். தட்டு இல்லாமல் காற்றாடியைப் போட வேண்டாம். குப்பை உள்ளே விழுந்து சிக்கும்.

5. வைப்பருக்குக் கீழே சேர்ந்திருக்கிற இலைகளையும் அள்ளுங்கள். சவுக்கு, கருப்பந்தைல மரத்துக்குக் கீழே நிறுத்துகிற வேன்களுக்கு இது முக்கியம்.

கழுவலாமா, மாற்ற வேண்டுமா?

கடதாசி மாதிரி உள்ள பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கழுவினால் மடிப்பு ஊறிப் பிரியும். ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்தால், அந்தப் பூஞ்சணத்தையே பிள்ளைகள் மூச்சில் இழுப்பார்கள். கறுப்பாக, கரி போட்டு வருகிற பில்டரையும் கழுவக் கூடாது. கழுவலாம் என்று எழுதியிருக்கிறவற்றை மட்டும் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் போடலாம்.

மற்றவற்றை வெளியில் கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு, மெதுவாகத் தட்டலாம். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடலாம். பெற்றோல் ஷெட்டில் டயருக்குக் காற்றடிக்கிற குழாயைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் வடிக்காது. தட்டுவது சில வாரங்களைச் சமாளிக்க மட்டும்தான். நார்களுக்குள் புகுந்த நுண்துகள் தட்டி வெளியே வராது.

பொதுவாக 15,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அல்லது வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். புழுதி ரோட்டில் ஓடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, கறுத்திருந்தால் அப்போதே மாற்றுவது நல்லது. கடைக்குப் போகும்போது பழைய தட்டையே கையில் கொண்டு போங்கள். அளவு சரியாக இல்லாவிட்டால் ஓரத்து இடுக்கு வழியாகக் காற்று வடியாமல் உள்ளே போய்விடும்.

எலி இருந்தால் கவனம்

லயத்துப் பக்கம் நிறுத்துகிற வாகனங்களில் எலி கூடு கட்டுவது உண்டு. எலிப் புழுக்கையோ மூத்திர நாற்றமோ இருந்தால் காய்ந்தபடி தட்டவோ கூட்டவோ வேண்டாம். எலி மூத்திரத்தால்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கையுறை போட்டு, கிருமிநாசினித் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, துணியால் துடைத்தெடுங்கள். அந்தப் பில்டரைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

பில்டரால் முடியாதது

பில்டர் போட்டாச்சு, இனிப் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சின் புகையில் காபன் மொனொக்சைட் என்ற வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எந்தக் கெபின் பில்டரும் அதைத் தடுக்காது. திருவிழா இரவில் குளிருக்கு எஞ்சினைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனுக்குள் தூங்குவது உயிராபத்து. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் உடனே ஒட்டுங்கள். பிள்ளைக்காம்பரா வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்காதீர்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வெளிக்காற்றை மூடும் சுவிச்சைக் கொஞ்ச நேரம் போடலாம். நெரிசல் தாண்டியதும் திறந்துவிடுங்கள். மூடியபடியே ஓடினால் உள்ளே காற்றுக் கெட்டு, டிரைவருக்குத் தூக்கம் வரும், கண்ணாடியிலும் ஆவி படியும். பில்டரே இல்லாத வேனில், புழுதியில் கண்ணாடியை ஏற்றி, புழுதி அடங்கியதும் இறக்கிவிடுவதுதான் வழி.

பெற்றோர்களே, பள்ளிக்கூட வேனுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறவர்கள் நீங்கள். "தம்பி, ஆளுங்களுக்கு வர்ற காத்துப் பில்டர் எப்ப மாத்துனீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சண்டைக்குக் கேட்பது போல் வேண்டாம். ஒரு வேனில் வருகிற பன்னிரண்டு வீட்டாரும் சேர்ந்து பகிர்ந்தால் ஆளுக்குச் சிறு தொகைதான் வரும். பிள்ளைக்கு வேனில் வரும்போது மட்டும் இருமல், இளைப்பு கூடுகிறது என்றால் தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் கடுமையானால் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

வேன் வைத்திருக்கிற தம்பிமாரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் கழுவும்போது அந்தப் பெட்டியை இறக்கித் தட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பதினைந்து நிமிட வேலை. பிள்ளைகள் எதை மூச்சில் இழுத்தார்கள் என்று உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.