விண்கல் பேரிடர்த் திரைப்படங்கள்
பூமியின் மீது மோத வரும் விண்பொருள்களைப் பற்றி 1998இல் டீப் இம்பாக்ட், ஆர்மகெடான் என இரு ஹாலிவுட் படங்கள் வெளிவந்தன. தமிழில் 2018இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய டிக் டிக் டிக் வந்தது. மூன்றிலும் அணுகுண்டால் பிளப்பதே வழி.

டீப் இம்பாக்ட் வால்மீனின் நீளம் சுமார் 11 கி.மீ. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான்! அதில் முதல் வெடிப்பு வால்மீனை இரண்டாக்குகிறது. சிறிய துண்டு கடலில் விழுந்து பேரலை எழுகிறது. பிளந்தால் ஆபத்து பெருகலாம் என்று காட்டியதால் இதுவே சிறந்த படம் என்பேன்.

உண்மையில் நடந்தது வேறு. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், வெடிபொருள் எதுவுமின்றி, டைமார்பஸ் மீது மோதியது. அதன் அகலம் சுமார் 160 மீட்டர். ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அதன் சுற்றுக்காலம் 32 நிமிடம் குறைந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் இத்தகைய சிறு தள்ளலே போதும். டிக் டிக் டிக்கில் கிடைப்பதோ சில நாள்களே.