வாசலோடு நின்றுவிடும் இயற்பியல்

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் பிளஸ் டூ மதிப்பெண்களை இன்று எடுத்துப் பார்த்தாலும் மனம் கனக்கிறது. இயற்பியல் 200, கணிதம் 200, வேதியியல் 199, உயிரியல் 194. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். அன்றைய மாநிலக் கணக்குப்படி அவருடைய மருத்துவக் கட்-ஆஃப் 196.75, பொறியியல் கட்-ஆஃப் 199.75. அதே ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் அவர் பெற்றது 720க்கு 86. மருத்துவ இடம் கிடைக்காத நிலையில் 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். அதற்குப் பிறகு எந்தத் தேர்வு நியாயமானது என்று தமிழ்நாடு முழுக்கப் பேசினோம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், பேசத்தான் வேண்டும். அதோடு சேர்த்துப் பேச வேண்டிய விஷயம் ஒன்று அந்த மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. இயற்பியலிலும் கணிதத்திலும் இருநூற்றுக்கு இருநூறு வாங்கிய ஒரு பெண் மருத்துவக் கல்லூரிக்குள் போயிருந்தால், அந்த இரண்டு பாடங்களையும் அங்கே என்ன செய்திருப்பார்? கிட்டத்தட்ட மூட்டை கட்டி வைத்திருப்பார் என்பதுதான் பதில்.

நம் ஏற்பாட்டின் முரண்பாட்டைப் பாருங்கள். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 45 இயற்பியல். கணிதத்துக்கு ஒரு கேள்வியும் கிடையாது. பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டுவிட்டு தாவரவியல், விலங்கியல் உள்ள ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்த மாணவரும் மருத்துவராகலாம். உள்ளே போனதும் முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். இயற்பியல் என்று தனிப் பாடம் ஐந்தரை ஆண்டுகளில் எங்கும் இல்லை. கணிதம், சமுதாய மருத்துவப் பாடத்தில் புள்ளியியல் என்ற அத்தியாயமாகச் சுருங்கி, தேர்வுக்கு முந்தைய வாரம் மனப்பாடம் செய்யப்படுகிறது. ஆக, ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று ஓடும் நுழைவுத் தேர்வில் ஆளை வடிகட்டுவதற்கு இயற்பியல் வேண்டும். நோயாளி முன்னால் நிற்கும்போது வேண்டாம். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. இயற்பியலும் கணிதமும் உண்மையில் தேவைப்படும் இடம் வார்டுதான். அவற்றைக் கற்பிக்க வேண்டிய இடமும் அதுவே.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை அரியலூரை அடுத்த பெரம்பலூரைத் தொட்டுச் செல்கிறது. விபத்தில் ரத்தம் இழந்து கொண்டுவரப்படும் ஒருவருக்கு முதலில் போட வேண்டியது வென்ஃப்ளான் எனப்படும் ஊசிக்குழாய். நீல நிறத்தில் 22 கேஜ், பச்சையில் 18, சாம்பலில் 16. நீலத்தின் வெளிவிட்டம் சுமார் 0.9 மி.மீ., சாம்பலுடையது சுமார் 1.7 மி.மீ. அகலத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் நீலத்தின் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மி.லி. போகும், சாம்பலின் வழியே ஏறத்தாழ 180 மி.லி. ஐந்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? குழாயில் திரவம் ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதிலிருந்து. ஆரம் இரட்டிப்பானால் ஓட்டம் பதினாறு மடங்காகும். குழாய் நீண்டால் அதே விகிதத்தில் குறையும். சாம்பல் ஊசி நீலத்தைவிட நீளமானது என்பதும் சேர்ந்துதான் அந்தப் பெருக்கம் ஐந்து மடங்கோடு நிற்கிறது. இந்த விதியைக் கண்டவர் ழான் பொய்சியூய் என்ற பிரெஞ்சு மருத்துவர். ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்ற கேள்வியோடுதான் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். நம் பிள்ளைகள் பிளஸ் ஒன் புத்தகத்தில் இதைப் படிக்கிறார்கள், சூத்திரத்தை எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள், பிறகு மறக்கிறார்கள். கழுத்துச் சிரையில் போடும் நீண்ட மெல்லிய குழாயைவிட கையில் போடும் குட்டையான பருத்த ஊசி வேகமாக ரத்தம் ஏற்றும் என்பதை அந்தச் சூத்திரம் நினைவில் இருப்பவர் யோசித்தே சொல்லிவிடுவார். நினைவில் இல்லாதவர் அதையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஊசி போட்டாகிவிட்டது, இனி சொட்டுக் கணக்கு. 500 மி.லி. சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ட்ரிப் செட்டில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கான செட்டில் மில்லி லிட்டருக்கு 60 சொட்டு. மணிக்கு எத்தனை மில்லி லிட்டரோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே போட வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது விகிதம் புரிந்தவருக்குத் தெரியும். புரியாதவர் இதே எளிய வழியைப் பெரியவர்களுக்கான செட்டிலும் பயன்படுத்தினால் மருந்து மூன்று மடங்கு வேகத்தில் உள்ளே போய்விடும்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த மண். அங்கே பணிபுரியப் போகும் மருத்துவர் இருமலோடு வரும் தொழிலாளியிடம் தூசியைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. எந்தத் தூசி ஆபத்து? கண்ணுக்குத் தெரிகிற பருமனான துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். காற்றில் துகள் கீழிறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள்தான் நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலின் அடிவரை போய்ச் சேரும். “தூசி ஒன்றும் தெரியவில்லையே” என்று ஒரு தொழிலாளி சொன்னால், அந்தப் பதிலில் நிம்மதி அடையாதவர்தான் அந்த ஊருக்கு வேண்டிய மருத்துவர்.

கணிதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து நல்ல சான்று இருக்கிறது. 1978இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு தொடர்புடைய மருத்துவமனைகளில் மாணவர்களும் மருத்துவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய்; அதற்கான பரிசோதனை, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பலரும் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடை ஏறத்தாழ 2 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர் மட்டுமே. ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர். மீதி 999 பேரில் ஏறத்தாழ 50 பேருக்குத் தவறான பாசிட்டிவ். ஆக 51 பேரில் ஒருவர்தான் நோயாளி. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் யோசிக்கப் பழகியிருக்க வேண்டும்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கிராமத்து முகாமில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் இந்த 5 சதவீதத் தவறுள்ள பரிசோதனையைச் செய்கிறோம். அதே பரிசோதனையை, அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்த நூறு பேருக்கும் செய்கிறோம். இந்த நூறில் இருபது பேருக்கு நோய் இருக்கிறது, அத்தனை பேரையும் பரிசோதனை கண்டுபிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 80 பேரில் நால்வருக்குத் தவறான பாசிட்டிவ் வரும். 24 பாசிட்டிவில் 20 உண்மை. கருவி ஒன்று, தாளில் வரும் முடிவு ஒன்று, அதன் பொருள் இரண்டு இடத்திலும் வேறு. முகாமில் பாசிட்டிவ் வந்தவரைப் பயமுறுத்தி அனுப்புவதா, மறுபரிசோதனைக்கு அனுப்புவதா என்பதை முடிவு செய்வது இந்தக் கணக்குத்தான். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்குத் தேவையில்லாத ஸ்கேன் என்பது பல நாள் வருமானம்.

இயற்பியலையும் கணிதத்தையும் மருத்துவக் கல்லூரியில் கற்பிப்பதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது. ஆனால் மருந்து ஏற்றும் பம்ப்பில் மில்லிகிராமுக்குப் பதில் மைக்ரோகிராம் என்று மாற்றிப் போட்டால் வித்தியாசம் ஆயிரம் மடங்கு. விடை அபத்தமாக இருக்கிறது என்று உறுத்துவது மனித மூளைக்குத்தான். இரண்டாவது, பாடச்சுமை. இது நியாயமான கவலை. எம்.பி.பி.எஸ். மாணவர் ஏற்கெனவே அழுந்திக் கிடக்கிறார். ஆனால் அந்தச் சுமையில் பெரும்பகுதி, காரணம் தெரியாததால் மனப்பாடமாகிப் போனது. உயிர்வேதியியலில் கொலாஜனின் மும்முறுக்கு அமைப்பைப் படிக்காத மருத்துவ மாணவர் இல்லை. அதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கண்டறிந்தவர் ஜி.என். ராமச்சந்திரன் என்ற இயற்பியலாளர் என்பதையும், எக்ஸ்-கதிர்கள் சிதறும் விதத்திலிருந்து அந்த வடிவத்தை அவர் எப்படி ஊகித்தார் என்பதையும் ஒரு மணி நேரம் சொன்னால் சுமை அதிகமாகாது, லேசாகும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இயற்பியல், கணிதம் என்று ஆரம்பித்தால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுவர் எழும்பாதா? நுழைவாயிலில் வைத்தால் எழும்பும். அனிதாவுக்குப் பிறகு அதில் சந்தேகம் வேண்டியதில்லை. கற்பிக்க வேண்டியதைக் கற்பிக்காமல், ஏற்கெனவே காசு கொடுத்துக் கற்றவரைத் தேர்ந்தெடுப்பதுதான் சுவர். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரிகளுக்குள் வருகிறார்கள். கோச்சிங்கில் பழகிய வேகம் இல்லாதவருக்குத்தான், படுக்கையருகே நிதானமாகச் சொல்லித்தரும் இயற்பியல் அதிகம் உதவும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமும் ஹவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் 2009இல் வெளியிட்ட அறிக்கையும், எந்தப் பாடத்தைப் படித்தார் என்று கேட்பதைவிட எதைச் செய்யத் தெரியும் என்று பாருங்கள் என்றுதான் பரிந்துரைத்தது. இயற்பியல் அறிவையும் எண்களோடு யோசிக்கும் திறனையும் அது கைவிடவில்லை.

செய்ய முடியாத காரியமல்ல இது. 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், தொடக்கத்தில் ஓர் அடித்தளப் பயிற்சியை வைத்து மொழி, கணினி, விளையாட்டு வரை இடம் கொடுத்திருக்கிறது. அங்கே சில நாட்களைச் சொட்டுக் கணக்குக்கும் பாசிட்டிவ் கணக்குக்கும் ஒதுக்கலாம். பிறகு உடலியங்கியலில் ரத்த ஓட்டம் வரும்போதும் சமுதாய மருத்துவத்தில் முகாம் வரும்போதும் அதைத் தொடரலாம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஊரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கலைக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் வாரம் ஒரு நாள் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, உடலியங்கியல் ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுக்க பெரிய நிதி எதுவும் தேவையில்லை. தேர்வில் பொய்சியூய் விதியை வரையறுக்கச் சொல்லாமல், நீல ஊசியையும் சாம்பல் ஊசியையும் மேசையில் வைத்து, ரத்தம் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு எதை எடுப்பீர்கள், ஏன் என்று கேட்டால் போதும்.