படம் பேசும்... யார் பேச வைக்கிறாங்க?

நமக்குச் சொந்த ஊர் மதுரை விளாங்குடி. திண்டுக்கல் ரோட்டுல ஃபாத்திமா காலேஜ் பக்கம்னு சொன்னா உங்களுக்கு டக்குனு புரியும். பொழப்பு இப்போ துபாயில. இங்கே ஆபீஸ் சாப்பாட்டு மேஜை ஒரு குட்டி ஐ.நா. சபை! லெபனான்காரர், பாகிஸ்தான்காரர், பிலிப்பைன்ஸ்காரர், நடுவுல நம்ம தயிர்சாத டப்பா.

எங்கேயாவது போர்னு நியூஸ் வந்தா, ஆளுக்கு ஒரு செல்போனை எடுப்போம். போர் ஒண்ணுதான், படம் மட்டும் ஆளுக்கு ஆள் வேற! ஒருத்தர் போன்ல ராக்கெட் கிளம்பும். இன்னொருத்தர் போன்ல அது விழுந்த வீடு தெரியும். ரெண்டுமே நிஜமா இருக்கலாம். ஆனா, எதை முதல்ல பார்த்தோமோ அந்தப் பக்கம் மனசு சாஞ்சிடுது. வெளிநாட்டு அரசியலை நாம பெரும்பாலும் படிச்சுத் தெரிஞ்சுக்கறதில்லை, பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறோம்.

படத்துக்கு அவ்வளவு பவர் இருக்கானு கேக்கறீங்களா? 2013 பிப்ரவரியை நினைச்சுப் பாருங்க. பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன், மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்னுக்கிட்டிருக்கிற படம் வெளியானது. இன்னொரு படத்தில் அதே சிறுவன், மார்பில் குண்டுக் காயங்களோடு பிணமா. மார்ச் 8-ல் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் 8 பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. சில நாள்லயே தமிழ்நாடு முழுக்க மாணவர் போராட்டம் பரவி, கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டாங்க. மார்ச் 19-ல் மத்திய கூட்டணி அரசிலிருந்து தி.மு.க. வெளியேறியது. மார்ச் 21-ல் ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானத்தை 25 நாடுகள் ஆதரிச்சு ஓட்டுப் போட்டன. அதில் இந்தியாவும் ஒண்ணு. இத்தனைக்கும் படங்கள் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா, பல வருஷமா அறிக்கைகள் அசைக்காத மனசை அந்தப் படங்கள் அசைச்சுச்சு.

இதுக்கு மறுபக்கமும் உண்டு பாஸ்!

2010-ல் திபெத்தியர்கள் வாழும் யூஷு பகுதியில் நிலநடுக்கம். பலியானவங்க உடல்களுக்கு நடுவே புத்த பிட்சுகள் நிற்கிற படம் அப்போ வந்தது. 2012-ல் அதே படம், 'மியான்மரில் முஸ்லிம்களைக் கொன்ற பிட்சுகள்'ங்கிற பொய்த் தலைப்போட இணையத்துல சுத்துச்சு. அசாம் கலவரம், இந்த மாதிரி பொய்ப் படங்கள், எஸ்.எம்.எஸ். வதந்தி எல்லாம் ஒண்ணா சேர, ஆகஸ்ட்டில் பெங்களூரு, சென்னை, புனேயிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவங்க ஆயிரக்கணக்கில் ரயிலேறி ஊருக்கு ஓடினாங்க. அதில் உங்களை மாதிரி ஹாஸ்டல் பசங்களும் இருந்தாங்க. மொத்தமா எஸ்.எம்.எஸ். அனுப்ப மத்திய அரசு தற்காலிகத் தடையே போட்டுச்சு.

மீடியாவாவது சுத்தமானு கேட்டா, அங்கேயும் கோல்மால் உண்டு. 2003 இராக் போரில் ரெண்டு படங்களை ஒட்டி ஒரே படமாக்கிய போட்டோகிராபர் பிரையன் வால்ஸ்கியை லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் வேலையிலிருந்து தூக்குச்சு. 2006-ல் பெய்ரூட் குண்டுவீச்சுப் புகையை கம்ப்யூட்டர்ல இன்னும் கறுப்பாக்கினது தெரிஞ்சதும், அந்த போட்டோகிராபர் எடுத்த 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் விற்பனையிலிருந்து நீக்கிடுச்சு. ஒரு தப்பான படம் பக்கத்துல இருந்த நல்ல படங்களையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடுச்சு பாருங்க!

மேட்டரே அங்கேதான் இருக்கு. பொய்ப் படத்தால வர்ற பெரிய நஷ்டம் நிஜப் படத்துக்குத்தான். இலங்கையில் கைகள் கட்டப்பட்ட ஆட்களைச் சுட்டுக்கொல்ற வீடியோவை 2009 ஆகஸ்ட்டில் சேனல் 4 ஒளிபரப்பினதும், 'அது போலி'ன்னு இலங்கை அரசு சொல்லுச்சு. மூணு நிபுணர்கள் அலசிப் பார்த்த பிறகு, 'அது உண்மையானதாகவே தெரிகிறது'ன்னு 2010 ஜனவரியில் ஐ.நா. அதிகாரி பிலிப் ஆல்ஸ்டன் அறிவிச்சார். அதுக்கே நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்போ ஏ.ஐ. வந்தாச்சு. எந்த உண்மையைக் காட்டினாலும் 'ஏ.ஐ. படம்ப்பா'ன்னு ஒரே வார்த்தையில தள்ளிவிடலாம். நம்ம பக்கம் நியாயம் இருக்குன்னு நாமளே நாலு பொய்ப் படத்தை அனுப்பினா, நிஜமா செத்தவனோட கடைசி சாட்சியையும் சேர்த்து அழிக்கிறோம்.

அதனால, கொதிக்கிற மாதிரி ஒரு படம் வந்தா அரை நிமிஷம் பொறுங்க. கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்க. பழைய படம்னா பல நேரம் அங்கேயே சிக்கிடும். எடுத்தது யாரு, எந்த ஊரு, எந்தத் தேதினு தேடுங்க. கடைப் பலகை எந்த மொழியில இருக்கு, வண்டி நம்பர் பிளேட் எந்த நாட்டோடதுன்னு கவனிங்க. முழுப் படமா, ஓரத்தை வெட்டினதானு பாருங்க. ஒண்ணுமே தெரியலையா? அனுப்பாதீங்க, அவ்ளோதான்.

'நான் ஒருத்தன் ஃபார்வர்டு பண்ணி என்ன ஆகப்போகுது'ன்னு மட்டும் நினைக்காதீங்க. 2012-ல் அந்த வடகிழக்குப் பசங்களை ரயிலேத்தினவங்க எல்லாருமே அப்படி நினைச்ச ஒருத்தர் ஒருத்தர்தான்!