காதைக் கூசும் இசை

நெல்லிக்குப்பத்தில் நாங்கள் பழைய ஓட்டு வீட்டிலிருந்து புதிய மாடி வீட்டுக்குக் குடிபோனபோது ஒரு சங்கடம் நேர்ந்தது. அங்கே இனிமையாகப் பாடிய அதே ஸ்டீரியோ, இங்கே காதைக் குடைந்தது. ஜாலரா ஊசிபோல் தைத்தது. 'ச', 'ஷ' ஒலிகள் சீறின. நாகசுரம் என்றால் உயிரான என் தாயார், இசை தொடங்கியதும் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். "ஒலிபெருக்கியை மாற்றிவிடுங்கள்" என்றார் பழுது பார்ப்பவர். மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடினேன்.

ஒலிபெருக்கிப் பெட்டியில் பொதுவாக இரண்டு கூம்புகள் உண்டு. பெரியது 'ஊஃபர்', தாழ்ந்த சுரங்களைத் தரும். சிறியது 'ட்வீட்டர்', உயர்ந்தவற்றைத் தரும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸுக்கோ 3.4 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை எங்கும் பரவும். குறுகிய அலை டார்ச் விளக்கின் ஒளிக்கற்றைபோல் நேரே பாயும்.

நம் காதும் இதற்கு உடந்தை! செவிக்குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய குழாயில் ஒத்ததிர்வு எப்போது ஏற்படும்? அலைநீளம் குழாயின் நீளத்தைப்போல் நான்கு மடங்காகும்போது. கணக்கிட்டால் 3,400 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்தப் பகுதியில் காது மிகக் கூர்மையாகக் கேட்கும். சிறிது கூடினாலும் கூசும்.

இனி அறைக்கு வருவோம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர், வேறொரு அரங்கிலிருந்து மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி இது:

எதிர்முழக்க நேரம் = 0.16 × கன அளவு ÷ உட்கவர் பரப்பு

எங்கள் அறை 5 × 4 × 3 மீட்டர். கன அளவு 60 கன மீட்டர், மொத்தப் பரப்பு 94 சதுர மீட்டர். சிமெண்டுத் தரையும் சுவரும் 4 விழுக்காடு ஒலியை உட்கவர்வதாகக் கொண்டால், உட்கவர் பரப்பு 3.76. எதிர்முழக்க நேரம் இரண்டரை நொடி! பாதி ஒலியை விழுங்கும் மடிப்புத் திரை, பஞ்சு மெத்தை ஆகியவற்றால் 20 சதுர மீட்டரை மூடினால் அது முக்கால் நொடியாகிவிடும். துணியும் பஞ்சும் உயர்ந்த சுரங்களையே அதிகம் விழுங்கும்; நீண்ட அலைகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. பழைய வீட்டில் அடுக்கியிருந்த மெத்தைகளும் கொடியில் தொங்கிய துணிகளும் செய்த வேலை இதுதான்.

நான் செய்தவை இவை: ட்வீட்டர் நேராகக் காதை நோக்காதபடி பெட்டிகளைச் சற்றுத் திருப்பினேன். சன்னல்களுக்குத் தடித்த திரை போட்டு, சுவரோரம் மெத்தைகளை நிறுத்தினேன். பிறகு 'ட்ரெபிள்' குமிழைச் சிறிது குறைத்தேன். அதுவும் போதாவிட்டால், 8 ஓம் ட்வீட்டருடன் 2 ஓம் மின்தடையைத் தொடராக இணைக்கலாம். அப்போது ஐந்தில் நான்கு பங்கு மின்னழுத்தமே அதற்குக் கிடைக்கும். ஒலி ஏறக்குறைய 2 டெசிபல் குறையும். ஆனால் பெட்டியைத் திறக்கும் வேலையை விவரம் தெரிந்த பெரியவர் துணையின்றிச் செய்யாதீர்கள்.

எனக்கு அதற்குத் தேவையே ஏற்படவில்லை. அன்று மாலை நாகசுரம் ஒலித்தபோது தாயார் நாற்காலியை விட்டு எழவில்லை.

நீங்களும் காலி அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பிறகு பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பி மீண்டும் தட்டுங்கள். சபைன் கேட்ட வேறுபாட்டை உங்கள் காதும் கேட்கும்.