கணக்குப் புத்தகம் யாருக்காக?

எமது கிராமங்களில் சேமிப்புப் புத்தகம் என்பது காணி உறுதியோடும் திருமுழுக்கு அத்தாட்சிப் பத்திரத்தோடும் ஒரே பொலித்தீன் பையில் பத்திரப்படுத்தப்படும் பொருள். இடப்பெயர்வுகளின்போது எம்மவர் பலர் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியதும் அந்தப் பையைத்தான். அத்தனை பெறுமதியான புத்தகம் இன்று பல வீடுகளில் வருடக்கணக்காகப் பதியப்படாமலே கிடக்கிறது.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. இயந்திர அட்டை வந்தபின் பணமெடுக்க வங்கிக்குள் போகத் தேவையில்லை. மிகுதி எவ்வளவு என்பதைக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி சொல்லிவிடுகிறது. ஆனால் மிகுதியை அறிவது வேறு. அந்த மிகுதி எப்படி வந்தது என்பதை அறிவது வேறு. அட்டைக் கட்டணம், கடன் தவணை, வட்டி, வரி என்பவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறுதலாக இருந்து பார்க்க அச்சிட்ட பக்கமே எமது மக்களுக்கு ஏற்றது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 2023 தை மாதம் முதல் வைப்பு வட்டியில் 5 வீதம் வரியாகப் பிடிக்கப்பட்டது. 2025 சித்திரை 1ஆம் திகதி முதல் அது 10 வீதமாயிற்று. எனினும் வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர்கள் அதனை உரிய படிவத்தில் வங்கிக்கு அறிவித்து விலக்குப் பெறலாம். கணவனை இழந்த தாயொருவர் மாதம் 8,000 ரூபா வட்டியில் குடும்பம் நடத்துகிறார் என வைத்துக்கொள்வோம். மாதம் 800 ரூபா, வருடம் 9,600 ரூபா அவரை விட்டுப் போகிறது. பிடிக்கப்பட்டதையே அறியாதவர் விலக்குக் கேட்பது எப்படி?

மேலும், 10 வருடங்களாகக் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படலாம். உரிமையாளர் தமது வங்கியினூடாக அதனைக் கோரலாம். புத்தகம் தொலைந்துவிட்டது என்பதற்காகப் பணமும் தொலைந்தது என எவரும் எண்ண வேண்டாம். தேசிய அடையாள அட்டையுடன் கிளைக்குச் சென்று விசாரியுங்கள்.

செய்ய வேண்டியவை சில. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது புத்தகத்தைப் பதிவுசெய்யுங்கள். நீண்டகாலம் பதியாவிடில் பல பதிவுகள் ஒரே தொகையாகத் திரட்டப்படுவதுமுண்டு. அப்போது அக்காலத்துக்கான கணக்குக் கூற்றைக் கேளுங்கள். கட்டணம் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். விளங்காத பதிவுக்கு விளக்கம் கேட்பது வங்கியை அவமதிப்பதாகாது. வங்கி வாடிக்கையாளருக்கான பட்டயத்தை மத்திய வங்கி 2011இலும், நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை 2023இலும் கொண்டுவந்தது இதற்காகவே. முறைப்பாட்டை முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுங்கள். தீராவிடில் மத்திய வங்கியின் 1935 என்னும் இலக்கத்தை அழையுங்கள்.

எமது மாதர் சங்கங்கள் மாதாந்தக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். எவருடைய மிகுதியையும் வெளிப்படுத்தாமல், கரும்பலகையில் மாதிரிப் பக்கம் ஒன்றை எழுதி வாசிக்கப் பழக்கலாம். லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் வரும் கடனாளிகள், தாம் பட்ட கடன் எவ்வளவு என்று கேட்கப்பட்டதும் தயங்காமல் அளவைச் சொன்னார்கள். தன் கணக்கைத் தானே சொல்லத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.