பேட்டரியா, ஆல்டர்னேட்டரா? பழைய காரின் மின் கணக்கைச் சரிபார்ப்போம்

நம் நாட்டில் கார் என்பது பல குடும்பங்களுக்கு நெடுநாள் சேமிப்பில் வாங்கிய பொருள். எனவே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆன பின்னரும் அதை நாம் எளிதில் கைவிடுவதில்லை. 2014ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்றுபோன மாருதி 800, அம்பாசிடர் ஆகிய கார்களை இன்றும் சாலைகளில் காண்கிறோம். இத்தகைய கார்கள் உரிமையாளருக்குத் தரும் தொல்லைகளுள் அடிக்கடி நேர்வது ஒன்று உண்டு. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்கும், எஞ்சின் இயங்காது.

அந்நேரத்தில் பெரும்பாலானோர் செய்வது புதிய பேட்டரி வாங்குவதே. சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது, கார் ஓடுகிறது. ஆனால் மூன்று மாதங்களில் அதே நிலை திரும்பினால், பழுது பேட்டரியில் இல்லை என்பது அப்போதுதான் புரிகிறது. அதற்குள் புதிய பேட்டரியும் பாழாகியிருக்கும். நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வேளையிலோ, நெடுஞ்சாலையிலோ கார் நின்றுவிட்டால் ஏற்படும் இடரைப் பணத்தால் அளவிட இயலாது. ஆகவே பணப்பையைத் திறப்பதற்கு முன் பழுது எங்கே உள்ளது என்று அறிந்துகொள்வது நலம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் சற்றுப் பொறுமையும் இதற்குப் போதும்.

வரவும் செலவும்

காரின் மின்னமைப்பை ஒரு சேமிப்புக் கணக்குக்கு ஒப்பிடலாம். பேட்டரி என்பது கணக்கில் உள்ள இருப்பு. எஞ்சின் ஓடும்போது ஃபேன் பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர், மாதந்தோறும் வரும் வருவாய். விளக்குகள், வைப்பர், ஏ.சி. விசிறி ஆகியவை அன்றாடச் செலவுகள். 'செல்ஃப்' என்று நாம் அழைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார், ஒரே நேரத்தில் பெருந்தொகை கேட்கும் செலவு. சிறிய காரிலும் அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆனால் 150 ஆம்பியரை மூன்று விநாடிகள் எடுத்தாலும் மொத்தச் செலவு 0.125 ஆம்பியர்-மணி மட்டுமே. எனவே ஒருமுறை ஸ்டார்ட் செய்வதால் நல்ல பேட்டரி வெறுமையாகிவிடாது. இருப்பு குறைந்திருந்தால் ஒன்று வரவு நின்றிருக்க வேண்டும். அல்லது நமக்குத் தெரியாத செலவு ஏதோ நடந்துகொண்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில் இருப்பைத் தாங்கும் ஆற்றலையே பேட்டரி இழந்திருக்க வேண்டும். நம் சோதனை இம்மூன்றையும் பிரித்தறிவதற்கே.

முதலில் கண்ணால் பார்ப்போம்

பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் மின்சாரம் தடையின்றிச் செல்லாது. கடற்கரை நகரங்களில் உலோக அரிப்பு விரைவாக நிகழும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, அதில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்தால் படிவு நீங்கும். அக்கரைசல் செல்களுக்குள் இறங்காதவாறு மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பின்னர் நன்கு துடைத்து, கிளாம்ப்பை இறுக்கி, மேலே சிறிது பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து காரின் உடலுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் எர்த் வயர்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பழைய கார்களில் பல தொல்லைகளின் வேர் இந்த எர்த் இணைப்பில்தான் உள்ளது.

ஃபேன் பெல்ட் தளர்ந்தோ, விரிசல் விட்டோ இருந்தால் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சுழலாது. விளக்குகளைப் போட்டதும் 'கீச்' என்ற ஒலி எழுவது இதன் அறிகுறி. நீர் ஊற்றும் வகைப் பேட்டரியானால், தகடுகள் மூழ்கும் அளவுக்கு நீர் உள்ளதா என்று பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஒரு வேளை மட்டும் குழாய் நீர் ஊற்றினாலும் அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

மல்டிமீட்டர் சொல்லும் மூன்று அளவுகள்

முதல் அளவு, கார் ஓய்வில் இருக்கும்போது எடுப்பது. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் எதையும் இயக்குவதற்கு முன் மீட்டரை டி.சி. 20 வோல்ட் நிலையில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது சற்று மேல் இருந்தால் இருப்பு முழுமையானது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. பல மணி நேரம் சார்ஜ் ஏற்றி, ஓய்வு கொடுத்த பின்னும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், உள்ளிருக்கும் ஆறு செல்களில் ஒன்று செயலிழந்திருக்கக் கூடும். நீர் ஊற்றும் பேட்டரியில் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் அளந்து இதை உறுதி செய்யலாம். ஒரு செல்லுக்கும் மற்றவற்றுக்கும் 0.050 அளவுக்கு மேல் அடர்த்தி வேறுபட்டால் அப்பேட்டரியின் ஆயுள் முடிந்தது எனக் கொள்ளலாம்.

இரண்டாம் அளவு, செல்ஃப் சுழலும்போது எடுப்பது. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது வலுவிழந்துவிட்டது அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது என்று பொருள். மாறாக, மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியும் 'டக்' என்ற ஓசை மட்டுமே வந்தால் பேட்டரியைக் குறை கூற இயலாது. இணைப்பிலோ, செல்ஃப் மோட்டாரிலோ, அதன் சாலினாய்டிலோ பழுது இருக்க வேண்டும். எர்த் இணைப்பைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்துச் செல்ஃபை இயக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் தடை உள்ளது. அதை மாற்றும் செலவு, புதிய பேட்டரியின் விலையில் மிகச் சிறு பங்கே.

மூன்றாம் அளவு, எஞ்சின் ஓடும்போது எடுப்பது. ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்திய நிலையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். முகப்பு விளக்கு, விசிறி, வைப்பர் அனைத்தையும் இயக்கினாலும் 13 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஓய்வு நிலையில் இருந்த அளவே தொடர்ந்தால் வரவு நின்றுவிட்டது எனப் பொருள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. வரவு மிகுந்து பேட்டரி நீர் கொதித்து வற்றும். அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தால் இதை ஐயுற வேண்டும்.

சிறு பல்பின் பெரும் பங்கு

டேஷ்போர்டில் பேட்டரி வடிவில் ஒளிரும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. சாவியைத் திருப்பும்போதே எரியாவிட்டால் அதையும் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் தொடக்கத்தில் காந்தமாவதற்கான மின்சாரம் இந்தப் பல்பின் வழியாகவே செல்கிறது. எனவே சில ரூபாய் பெறும் பல்பு ஃபியூஸ் போனாலும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடலாம். அடுத்து ஐயுற வேண்டியது தேய்ந்த கார்பன் பிரஷ்களை. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இவற்றைத் தனியே மாற்றித் தருவர். ஆல்டர்னேட்டர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஓசையின்றி நடக்கும் செலவு

மூன்று அளவுகளும் சரியாக இருந்தும், இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறதா? அப்படியெனில் எங்கோ மின்கசிவு உள்ளது. சாவியை எடுத்துக் கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மிகுதியானால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுத்ததும் அளவு குறைகிறதோ அந்த வழியில்தான் கசிவு உள்ளது. பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டம், அலாரம், அணையாத டிக்கி விளக்கு ஆகியவை வழக்கமான காரணங்கள். எந்த ஃபியூஸை எடுத்தும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகியிருக்கலாம். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நன்று. மீட்டர் இவ்வாறு இணைந்திருக்கும்போது செல்ஃபை இயக்கவே கூடாது.

இக்கசிவின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 0.2 ஆம்பியர் கசிவு ஒரு நாளில் 4.8 ஆம்பியர்-மணி, ஏழு நாளில் 33.6. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே வாரத்தில் வெறுமையாகிவிடும். அவ்வாறு வெறுமையாகவே கிடந்தால் தகடுகளில் லெட் சல்ஃபேட் இறுகி, பின்னர் சார்ஜ் ஏற்றினாலும் பழைய ஆற்றல் திரும்பாது.

செய்யக் கூடாதவை

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உள்ளது. டைனமோ காலத்து வழக்கம் அது. இன்று அதனால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, டயோடுகளும் எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் எரிந்துபோகக் கூடும். அச்செலவு பேட்டரியின் விலையைப் போல் பல மடங்கு. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் தீக்குச்சியோ, சிகரெட்டோ கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது இறுதியிலும் கையாள வேண்டும். வேறொரு காரிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்கையில், கடைசி இணைப்பைப் பழுதான காரின் பேட்டரியில் தராமல், அதற்குச் சற்றுத் தொலைவில் எஞ்சின் உலோகத்தில் தர வேண்டும்.

மாற்றியே தீர வேண்டுமெனில்

சோதனைகளின் முடிவில் பேட்டரிதான் குற்றவாளி எனத் தெரிந்தால் தயங்காமல் மாற்றுவோம். வாங்கும்போது உற்பத்தித் தேதியைப் பார்ப்பது நல்லது. கடையில் நெடுநாள் கிடந்த பேட்டரி தானாகவே இருப்பை இழந்திருக்கும். உத்தரவாதக் காலம் வழக்கமாக இரு பகுதிகளாக அமையும். முதற்பகுதியில் இலவச மாற்று. இரண்டாம் பகுதியில் விலையில் தள்ளுபடி மட்டும். எனவே ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பாதுகாத்து வைப்போம். பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் உள்ளன. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையில் கலக்காமல் உரியவரிடம் ஒப்படைப்பது நுகர்வோரின் கடமை. விற்பனையாளரிடமே கொடுத்தால் அதற்குரிய தொகை கழித்துக் கொள்ளப்படும்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். தேய்மானத்தாலும் மின்பழுதாலும் நேரும் செலவை வழக்கமான மோட்டார் காப்பீடு ஏற்பதில்லை. விபத்தில் பேட்டரி சேதமடைந்தால்கூட, தேய்மானமில்லாக் கூடுதல் காப்பீடு எடுக்காதவர்க்கு 50 சதவீதம் கழித்தே வழங்கப்படும். ஆதலால் இச்செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்தே செல்வது.

மாதம் ஒருமுறை முனைகளைத் துடைத்து, காலையில் மீட்டரை வைத்துப் பார்த்து, அளவைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். 12.6, 12.5, 12.3 என்று அளவு இறங்கி வருவதைக் கண்டால், கார் நின்றுபோவதற்குச் சில வாரங்கள் முன்னரே நமக்குத் தெரிந்துவிடும். அந்த ஏட்டை எலக்ட்ரீஷியனிடம் காட்டினால் அவரது வேலையும் எளிதாகும், தேவையற்ற உதிரிபாகங்களுக்கு நாம் பணம் கொடுப்பதும் தவிர்க்கப்படும்.